மாற்றிக் கொடுத்த இரத்தம்

நாற்பத்து நான்கு வயதில்தான் மகுடேஸ்வரன் முதல் முறையாக ஓர் இரவு முழுவதும் தூங்கினான். கண்ணை மூடினான். திறந்தபோது ஜன்னல் கம்பிகளில் வெயில் விழுந்திருந்தது. இடையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தான். எதுவும் நினைவில் இல்லை. பக்கத்தில் அவன் மனைவி வளர்மதி சம்மணமிட்டு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. சத்தமே இல்லாம கெடந்தீங்களா, பயமாப் போச்சு. ரெண்டு தடவ மூக்குல வெரல் வெச்சுப் பாத்தேன்."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. கண்ணோரம் சிவந்திருந்தது. அவன் தூங்கிய இரவிலும் அவள் தூங்கவில்லை.

கரப்பான் என்கிற அரிப்பு நோய் அவனுக்கு நான்கு வயதில் வந்தது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, பிறகு விரல் இடுக்குகள். பகலில் சமாளித்துவிடலாம். கையும் கண்ணும் வேலையில் இருக்கும்போது உடம்பு மறந்துபோகும். இரவில் படுத்து, போர்வைக்குள் உடம்பில் சூடு ஏறியதும் அது தொடங்கும். முதலில் எறும்பு ஊர்வது போல. பிறகு தோலுக்கு அடியில் யாரோ ஊசியால் நூல் கோப்பது போல. சொறிந்தால் அடங்கும் என்று தோன்றும். சொறியச் சொறிய அகலும். தோல் உரிந்து எரிச்சல் வந்த பிறகுதான் கை நிற்கும். எரிச்சலோடு ஒரு மணி நேரம் கண்ணயரலாம். அரிப்போடு முடியாது.

அவர்கள் இருந்தது ஒரு லைன் வீட்டில். ஓர் அறை, ஒரு சமையலறை. சுவரோரம் அவன், நடுவில் வளர்மதி, பீரோவை ஒட்டி மகள் சுபஸ்ரீ. இரவில் அவன் சொறிகிற சரக் சரக் ஓசை மூன்று பேருக்கும் பொது. வளர்மதி குழந்தைகளின் பனியன் தைக்கும் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள்; தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் தேடி ஒதுக்கும் வேலை. ஒதுக்கிய துணியில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து அவன் கைகளுக்கு உறை தைத்திருந்தாள். மஞ்சள் வாத்து போட்ட துணி. நாற்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை இரண்டு கையிலும் வாத்தை மாட்டிக்கொண்டு படுப்பான். தூக்கத்தில் பல்லால் கழற்றிவிட்டுச் சொறிவான். வளர்மதி அரைத்தூக்கத்தில் அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். பதினெட்டு வருடமாக அவள் படுக்கை அப்படித்தான்.

பார்க்காத வைத்தியம் இல்லை. வேப்பிலைத் தண்ணீர், நாட்டு மருந்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்புகள். அந்தக் களிம்புகளில் ஒன்று தோலை வெங்காயச் சருகு போல ஆக்கிவிட்டது. பத்தியம் என்று கத்தரிக்காயை விட்டான், கருவாட்டை விட்டான். அரிப்புக்குக் கொடுத்த மாத்திரைகள் பகலெல்லாம் தலையைக் கனக்க வைத்தனவே தவிர, இரவில் உதவவில்லை.

போன ஜூன் மாதம் அவிநாசி ரோட்டில் இருந்த ஒரு தோல் டாக்டரம்மாவிடம் வளர்மதி அவனை அழைத்துப்போனாள். அந்த அம்மா தோலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார், "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. வளர்மதிதான் சொன்னாள். "சேந்தாப்புல ஒரு மணி நேரங்க. அதுக்கு மேல நான் பாத்ததில்லீங்க."

டாக்டர் ஒரு கேப்சூல் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "இது அரிப்பை அடக்கும். தூக்கம் வரும். ஆனா சிறுநீரகத்துல கை வைக்கக்கூடிய மருந்து. ஆறு மாசம் குடுக்கலாம், மிஞ்சிப்போனா ஒரு வருஷம். மாசா மாசம் இரத்தம் குடுத்து, கிரியாட்டினின்னு ஒண்ணு பாக்கணும். அது ஏறினா மருந்தைக் குறைப்பேன். மறுபடி ஏறினா நிறுத்திடுவேன். அப்ப வந்து கெஞ்சக்கூடாது."

"சரிங்க" என்றான். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. வந்தது அவனோடு நிற்கவில்லை. அந்த அறை முழுவதும் பரவியது. முதல் சில நாட்கள் வளர்மதி பழக்கத்தில் விழித்து அவன் மணிக்கட்டைத் தேடினாள். பிறகு அவளும் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்டது போல. பிளஸ் டூ படிக்கும் சுபஸ்ரீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பதை நிறுத்தினாள். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, இப்பெல்லாம் மிஸ் நடத்தறது எனக்குப் புரியுது. இத்தன நாளு நான் மக்குன்னே நெனச்சிட்டிருந்தேன்."

அவன் தட்டில் இருந்த இட்டிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்தது. ஆரம்பத்தில் 0.9 இருந்தது இப்போது 1.4. டாக்டர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். "இன்னொரு தடவை ஏறினா அவ்வளவுதான்" என்றார், கோபமில்லாமல்.

பாதி மருந்தில் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் இரவு முழங்கை மடிப்பில் எறும்பு ஊர்ந்தது. அசையாமல் படுத்திருந்தான். அசையாமல் இருந்தால் போய்விடும் என்று சிறு பிள்ளை போல நம்பினான். அது கழுத்துக்கு ஏறியது. விரல்களுக்கு இறங்கியது. முன்பு நாற்பது வருடம் தூக்கம் என்றால் என்னவென்று தெரியாமல் விழித்திருந்தான். இப்போது தெரிந்துகொண்டு விழித்திருந்தான். இது வேறு விழிப்பு. கை தன்னால் நகர்ந்தது. சரக்கென்று ஒரே ஒரு தடவைதான். பீரோ பக்கம் போர்வை அசைந்தது.

"அப்பா," என்றாள் சுபஸ்ரீ இருட்டில். "மறுபடியுமா?"

அவன் எழுந்து வாசலுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, படியில் உட்கார்ந்து விடியும்வரை சொறிந்தான்.

மகுடேஸ்வரன் வேலை செய்தது ஒரு சாயப்பட்டறையில். சாயம் ஏற்றி உலர்த்தி வரும் துணியில், ஒரே தடவையில் சாயமேறிய ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, சீட்டில் லாட் நம்பர் எழுதி ஒட்டி, சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேய்த்தால் சாயம் கழல்கிறதா, துவைத்தால் சுருங்குகிறதா என்று லேப்பில் பார்ப்பார்கள். பாஸ் என்று வந்தால் துணி கம்பெனிக்குப் போகும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கத்திரி அவன் கையில்தான்.

படியில் விடிந்த அன்று பகலில் மேனேஜர் சிவபிரகாஷ் வந்து மேசையில் சாய்ந்தான். அவனுக்கு முப்பது வயதுகூட இல்லை.

"அண்ணா, அந்த மெரூன் லாட் என்னாச்சுங்க?"

"கையில தேச்சாலே ஒட்டுதுங்க தம்பி. லேப்புக்குப் போனா ஃபெயில்தானுங்க."

"மறுபடி சாயம் ஏத்த டைம் இல்லீங்ணா. ஷிப்மெண்ட் இருக்குது." சிவபிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போன மாசத்து மெரூன் ரோல் குடோன்ல ஒண்ணு கெடக்குதில்ல? அதுல இருந்து ஒரு பீஸ் அனுப்பிருங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுங்களா?"

சொல்லித் தர வேண்டியதில்லை. முதன்முதலில் இதைச் செய்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு அதுவும் வேலையில் ஒன்றாகிப்போனது. நல்ல ரோலிலிருந்து துண்டு. கெட்ட லாட்டின் நம்பர். லேப்பில் இருப்பவர்களுக்குத் துண்டுதான் தெரியும். துணியை யாரும் வந்து பார்ப்பதில்லை. குடோனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தான். சீட்டில் நம்பரை எழுதும்போது பேனா நின்றது. மேசைமேல் அவனுடைய சட்டைப் பையிலிருந்து விழுந்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு கிடந்தது. பேர், வயது, அவ்வளவுதான். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாய்லர் பார்க்கும் ஜெபக்குமார் நாசரேத் பக்கத்துக்காரன். பட்டறைக்கு எதிரே பேக்கரியில் டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டான்.

"ரெத்தமா?" ஜெபக்குமார் பன்னை டீயில் முக்கியபடியே நிறுத்தினான். "என்ன அண்ணாச்சி, காசு கேப்பிய, வண்டி கேப்பிய. இது என்ன புதுசா இருக்கு? அடுத்த மாசம் கிட்னியக் கேப்பியளோ?"

மகுடேஸ்வரன் சிரிக்க முயன்றான். பிறகு சொன்னான். எல்லாவற்றையும் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸுக்கு என்று சொல்லலாம் என நினைத்து வந்திருந்தான். ஆனால் வாயில் வந்தது, "எனக்குத் தூங்கோணும் ஜெபா" என்பது மட்டும்.

ஜெபக்குமார் அவன் கழுத்தைப் பார்த்தான். புதிதாக உரிந்த தோலைப் பார்த்தான். பன் டீயில் கரைந்து விழுந்தது. "சரி, வாங்க" என்றான்.

இரத்தம் எடுக்கும் இடத்தில் ஒரு பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேருங்க?"

"மகுடேஸ்வரன்" என்றான் ஜெபக்குமார்.

"வயசு?"

அவன் திரும்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தான். மகுடேஸ்வரன் நான்கு விரலை இரண்டு தடவை காட்டினான். "நாப்பத்தி நாலு" என்று சொன்ன ஜெபக்குமார், வெளியே வந்ததும் பொரிந்தான்.

"ஆறு வயச ஒரே நிமிசத்துல ஏத்திட்டிய. போதாக்குறைக்குச் சிவன் பேரு வேற. எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கெழம என்னயக் கோயிலுக்குள்ள விடமாட்டாரு."

எண் 0.8 என்று வந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டார். அதுதான் மகுடேஸ்வரனுக்குச் சங்கடமாக இருந்தது. "உங்க உடம்பு தாங்குது, நல்ல விஷயம்" என்று சொல்லி, பழைய அளவுக்கே மருந்தை ஏற்றினார். ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பியது. அந்த முதல் இரவில், கண் சொருகும் முன்பு, வயிற்றுக்குள் எங்கோ இருக்கும் இரண்டு சிறுநீரகங்களை நினைத்துப் பார்த்தான். அவை எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. வலிக்கவில்லை. தூங்கிப்போனான்.

நவம்பரிலும் ஜெபக்குமார் வந்தான். அந்த மாதம் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது. பின்னந்தலையில் ஒரு வலி வந்து மதியம்வரை நின்றது. கத்திரி பிடிக்கும் கையில் மெல்லிய நடுக்கம். துண்டு நேராக வெட்டுப்படவில்லை. "என்னங்ணா, சரக்குப் போட்டுட்டு வந்தீங்களா?" என்று சிவபிரகாஷ் கேட்டுச் சிரித்தான். மகுடேஸ்வரனும் சிரித்தான்.

ஒவ்வொரு நாளும் மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது, இன்று டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானிப்பான். மாலையில் வீடு திரும்புவான். சுபஸ்ரீ கால் நீட்டி உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருப்பாள். வளர்மதி அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கை மடிப்பில், கழுத்தில், மெதுவாகக் களிம்பு தேய்ப்பாள். அவள் கை தூக்கத்தில் தோய்ந்த கையாக இருக்கும், நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கு இருக்கிற நிதானத்தோடு. அவனுக்குச் சொல்ல வாய் வராது. அவளும் எதுவும் கேட்கமாட்டாள். சில நாள் அந்த மௌனம் களிம்பு முழுவதும் தோலில் இறங்கிய பிறகும் நீளும். அவள் விரல் மட்டும் மடிப்பின் மேல் நின்றிருக்கும்.

டிசம்பரில் ஜெபக்குமார் தயங்கினான்.

"அண்ணாச்சி, கண்ணாடியில மொகத்தப் பாத்தியளா?"

"தூக்கம் அதிகமாச்சு. அதான் ஊதியிருக்குது."

"எனக்குப் படிப்பு வராது, வேய். ஆனா வீங்குனதுக்கும் சதை போட்டதுக்கும் வித்தியாசம் தெரியும்." சட்டைக் கையை மடித்தான். "இதுதான் கடைசி. அடுத்த மாசம் நான் வரமாட்டேன். உங்க வீட்டுல மதினி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அந்த மாதம் டாக்டரைப் பார்க்க வளர்மதியும் வருவதாகச் சொன்னாள். பர்மிஷன் போட்டு சாயங்காலம் நேராகக் கிளினிக்குக்கு வந்து நின்றாள். மகுடேஸ்வரனுக்கு உள்ளே ஏதோ இளகியது. அவள் முகத்தைப் பார்த்தால் டாக்டருக்கு முன்னால் தன்னால் பொய்யை வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. அது நிம்மதியாகக்கூட இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு அவன் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு தடவை. காற்றை விட்டுவிட்டு இன்னொரு தடவை.

"நூத்தி அறுபது இருக்கு. போன மாசமும் ஏறித்தான் இருந்துச்சு." ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார். "இரத்தம் இவ்வளவு சுத்தமா இருக்கு. பி.பி. மட்டும் ஏன் ஏறணும்?"

அறையில் மின்விசிறி சுற்றியது. வெளியே நர்ஸ் யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டாள். மகுடேஸ்வரன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். நான்கு வார்த்தை போதும். டாக்டர் காத்திருந்தார், அவசரமில்லாமல், அவனையே பார்த்தபடி. அவன் வளர்மதியைப் பார்த்தான்.

வளர்மதி டாக்டரைப் பார்த்தாள்.

"உப்பாத்தான் இருக்குமுங்க டாக்டர்" என்றாள். "கருவாடுன்னா இவருக்கு உசுரு. நாஞ்சொன்னாக் கேக்கறதில்லீங்க. இனிமே நான் கொறச்சர்றேனுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். "கண்டிப்பா குறைக்கணும். பி.பி.க்கு ஒரு மாத்திரை சேர்த்து எழுதறேன். தூக்கமெல்லாம்?"

"நல்லாத் தூங்கறாருங்க."

மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். இரத்தம் சீராக இருப்பதால் இனி மாதா மாதம் வரவேண்டாம், மார்ச் கடைசியில் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்றார். நடுவில் கால் வீங்கினால் மட்டும் உடனே வரச் சொன்னார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள். ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன.

"கருவாடு நம்ம ஊட்டுக்குள்ள வந்து பதினஞ்சு வருசமிருக்கும்" என்றான் அவன்.

அவள் மருந்துச் சீட்டை நான்காக மடித்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் உங்க கைமடிப்புக்கு மருந்து தேய்க்கறது யாருங்க?" அவள் குரல் ஏறவில்லை. "டெஸ்டுக்குப் போனேன்னு சொன்ன அன்னிக்கு, ரெண்டு கையிலயும் ஊசி குத்துன தடத்தத் தேடுனேன். கறையும் ஓட்டையும் தேடற வேலதானுங்களே என்னுது. இல்ல. அடுத்த மாசமும் தேடுனேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமல்ல?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது.

"கேட்டா நிறுத்தியிருப்பீங்க" என்றாள். பிறகு, "சுபஸ்ரீ அரையாண்டுப் பரீட்ச எழுதிட்டிருக்கறா. நைட்டு பத்து மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத் தானா எந்திரிச்சு உக்காந்து படிக்கறா. அவளுக்கு இது ஒரே ஒரு வருசந்தானுங்க. மார்ச்சுல கடசிப் பரீட்ச முடியற அன்னிக்கு நானே வந்து இந்த அம்மா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லீர்றேன். அது வரைக்கும்..."

முடிக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏதோ எடுக்கக்கூடாததை எடுத்துவிட்டதை ஒப்புக்கொள்வது போலச் சொன்னாள்:

"நானும் தூங்கறேனுங்க."

அவனுக்குக் கோபம் வர வேண்டும். வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தான். இருந்தது ஒரே ஒரு பெரிய ஆறுதல்தான்: இன்னும் மூன்று மாதம். அந்த ஆறுதலின் அளவைப் பார்த்துத்தான் அவனுக்கு அன்று முதல் முறையாகப் பயம் வந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள் போலிருந்தது. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு மெடிக்கல் ஷாப் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

கால் மணி நேரம் கழித்துப் பையோடு வந்தாள். பின்னால் ஏறப்போனவள் நின்று குனிந்து பார்த்தாள். அவன் செருப்பின் வார் பாதத்துக்குள் புதைந்திருந்தது. வாருக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி மினுமினுத்தது. அவள் கட்டை விரலால் அதை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

இருவரும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். அது மெல்ல மேலெழும்பி நிரம்பும் வரை பார்த்தார்கள்.

வளர்மதி நடைபாதையில் மண்டியிட்டு, வாரைப் பிரித்து, கடைசித் துளைக்குத் தளர்த்தி மாட்டினாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க. அவ வந்து பூட்டுன கதவு முன்னால நிப்பா."